பக்கத்து வீட்டு வைஃபையில் நான் பேசிய பேச்சு

எனக்கு எழுபத்திரண்டு வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்தேன். மூன்று நான் பெற்றது, ஒன்று என் தங்கை விட்டுப்போனது. நால்வரும் சோற்றுக்காக இன்னொருவர் வாசலில் நின்றதில்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு எப்போதும் ஒரு திமிர் உண்டு.

காசிமேட்டில் நாற்பது வருஷம் மீன் எடுத்து விற்றவள் நான். கடைசிப் பத்து வருஷம் சின்னப் படகுகளில் வந்த மீனை நானே ஏலம் விட்டேன். படகு என்ஜின் சத்தம், ஐஸ் உடைக்கிற மிஷின் சத்தம், காக்காய்ச் சத்தம் எல்லாவற்றுக்கும் மேலே என் சத்தம் கேட்கும். ஏலம் விடுகிறவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. கூட்டத்தில் யாராவது வாய்க்குள்ளேயே ஒரு விலையைச் சொல்வார்கள். அதை அவள் திருப்பி உரக்கச் சொல்ல வேண்டும், கடைசியில் நிற்கிறவனுக்கும் கேட்கும்படி. மூட்டு தேய்ந்து கூடையை இறக்கி வைத்து ஐந்து வருஷம் ஆகிறது. பழக்கம் மட்டும் இறங்கவில்லை. அந்தக் குரல் செய்த வேலையைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

எனக்கு என் பேரை எழுத வரும், பஸ் போர்டை எழுத்துக்கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். அதனால் நான் சொல்கிறேன், என் பேத்தி எழுதுகிறாள். மூத்த மகனின் பெண், கல்லூரியில் இரண்டாம் வருஷம். புத்தகத்தில் வருகிற மாதிரி எழுதிக்கொள் என்றேன். ஆனால் மற்றவர்கள் வாயிலிருந்து வந்ததை வந்தபடியே போடு, அதில் கை வைக்காதே என்றும் சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் முன்பு இருந்த வீட்டைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு, திருவொற்றியூரில் இந்த அடுக்கு வீட்டில் தரைத்தளம் கிடைத்தது. சுவரெல்லாம் கான்கிரீட். உள்ளே வந்தால் போனில் சிக்னல் செத்துவிடும். பேச வேண்டுமென்றால் தெருமுனைக்குப் போக வேண்டும். அது எண்ணூர் ரோடு. துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் லாரிகள் பகலும் இரவும் ஓடும். ஒரு வார்த்தை பேச ஒரு லாரி தாண்ட வேண்டும்.

என் கடைசிப் பெண்ணைக் கட்டியவர் விசாகப்பட்டினம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். ஒன்பது வருஷமாக அவர்கள் அங்கேதான். குழந்தை இல்லை. அவள் மாமியார் இங்கே எண்ணூரில், முகத்துவாரத்தை ஒட்டிய குப்பத்தில் இருக்கிறார். குழந்தை இல்லாததை நாள் தவறாமல் எண்ணிக்கொண்டிருக்கிற மாமியார். என் பெண்ணுக்கு மனசு விட்டுப் பேச இருந்தது நான் ஒருத்திதான். அந்தப் பேச்சும் லாரிச் சத்தத்தில் பாதி போய்விடும்.

சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில் ஒரு தையற்காரி இருக்கிறாள். புருஷன் விட்டுவிட்டுப் போனவள். ஜாக்கெட் தைத்து ஒரே பெண்ணைப் படிக்க வைத்தாள். அந்தப் பெண் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை செய்கிறது, அதற்காக வைஃபை போட்டிருந்தார்கள். நான் மூட்டைப் பிடித்துக்கொண்டு தெருமுனைக்கு நடப்பதைப் பார்த்துவிட்டு, ஒருநாள் அவளே வந்து என் போனைக் கேட்டாள்.

"எங்க வூட்டு நெட்டு உங்க வூடு வரிக்கும் வருது அத்தே. சும்மாதான கீது. போட்டுத் தரேன், உக்காந்த எடத்துலயே பேசுங்க."

நான் யாரிடமும் எதையும் கேட்டு வாங்கினதில்லை, இதையும் கேட்கவில்லை, அவளாகத்தான் கொடுத்தாள் என்று என்னைத் தேற்றிக்கொண்டு போனைக் கொடுத்தேன். அவள் பாஸ்வேர்டைப் போட்டாள். பேத்தி செட்டிங்ஸில் போய் வைஃபை காலிங் என்று ஒன்றைத் திறந்து விட்டாள். டவர் இல்லாவிட்டாலும் சாதாரண போன் காலே வைஃபை வழியாகப் போகும் ஆயா, வழக்கம்போல நம்பரை அழுத்தினால் போதும் என்றாள். அழுத்தினேன். விசாகப்பட்டினத்தில் என் பெண் எண்ணெயில் கடுகு போடுகிற சத்தம்கூடக் கேட்டது.

சும்மா வாங்கிக்கொள்ள எனக்கு மனசு வராது. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு தட்டில் மீன் வறுவல் அனுப்புவேன். எங்கள் பக்கம் தட்டை வெறுமனே திருப்பித் தருகிற வழக்கம் கிடையாது. அவள் தட்டில் லெமன் சாதமோ ரெண்டு வாழைப்பழமோ வரும். ஏழெட்டு மாசம் அப்படிப் போயிற்று.

ஆனால் அவள் மேல் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. அதற்குக் காரணம் பழசு. ராயபுரத்தில் இருந்தபோது எங்களுக்குப் போன் கிடையாது. வீட்டுக்கார அம்மாவின் நம்பரைத்தான் பி.பி. நம்பர் என்று எல்லோருக்கும் கொடுத்து வைத்திருந்தோம். மூத்தவன் ஒருமுறை பம்பாய்க்கு ஓடிப்போய், அங்கே போலீஸ் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டு போன் செய்தான். நான் பேசி முடிக்கும்வரை அந்தம்மா காபி டம்ளரோடு பக்கத்திலேயே நின்றாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. யார் வீட்டில் போன் இருக்கிறதோ, பேச்சும் அவர்களுடையது. அன்று மண்டையில் ஏறியது இறங்கவே இல்லை. இப்போதும் என் பேச்சு ஒருத்தியின் வீட்டுப் பெட்டிக்குள் நுழைந்துதானே போகிறது, அவளுக்குக் கேட்காமலா இருக்கும் என்று நினைத்தேன். பேத்தியிடம் கேட்டால் சிரிப்பாள் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டார்கள், பேத்தி கல்லூரிக்கு. வெளியே தண்ணி லாரி வந்து நின்றது. எங்கள் சன்னலுக்குக் கீழேதான் குடங்கள் வரிசை கட்டும். எனக்கு இரண்டு குடம், பின்வீட்டில் இருக்கிற என் சிநேகிதி பிடித்து வைத்துவிடுவாள். அவளும் காசிமேட்டில் என்னோடு கூடை தூக்கினவள். நான் சன்னலை ஒட்டி, தையற்காரி வீட்டுச் சுவரோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அங்கேதான் வைஃபை நன்றாக எடுக்கும்.

என் பெண் கூப்பிட்டாள். எனக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம். அதை நான் யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை, ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவேன். அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி வந்தது. ஒன்பது வருஷம் கழித்து உண்டாகியிருந்தாள். மூன்று மாசம் தாண்டட்டும் என்று என்னிடம்கூடச் சொல்லாமல் இருந்தாள். முந்தாநாள் கலைந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள்.

நடுவில் பக்கத்து வீட்டில் தையல் மிஷின் ஓட ஆரம்பித்தது. கரகரவென்று நிற்காமல் ஓடியது. எனக்கு எரிச்சல். என் பெண் அழுகிறாள், இவளுக்கு இப்போதுதானா ஜாக்கெட் என்று கையை மடக்கிச் சுவரில் இரண்டு குத்து விட்டேன். மிஷின் நின்றது.

"யாராண்டயும் சொல்லாதம்மா. அவங்கம்மாக்கு தெரிஞ்சா என்னிய பேசியே கொன்னுரும்."

சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தேன். மகனிடம் சொல்லவில்லை, மருமகளிடம் சொல்லவில்லை. இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தேன். காய்ச்சல் என்று பொய் சொன்னேன்.

சனிக்கிழமை அவள் மறுபடி கூப்பிட்டாள். இந்தமுறை அழவில்லை. மாமியார் போன் செய்திருக்கிறார். ஒரு பிள்ளையை மூன்று மாசம் வயிற்றில் தாங்கத் தெரியவில்லையா, அதையும் என்னிடம் மறைத்தாயா என்று அரை மணி நேரம் பேசியிருக்கிறார்.

"ஒங்கிட்ட மட்டுந்தாம்மா சொன்னேன்" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்படியென்றால் யார்? எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டி இருக்கிறது, காபி டம்ளரோடு நின்றவளின் முகம் இருக்கிறது, இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன்.

மறுநாள் தண்ணி லாரி வந்ததும் வெளியே போனேன். தையற்காரி குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்திருந்தாள். இருபது பெண்கள் நின்றிருப்பார்கள். நான் பேசினதையெல்லாம் எழுதச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. ஒன்றை மட்டும் சொல்லத்தான் வேண்டும், இல்லையென்றால் நான் செய்தது சின்னதாகத் தெரியும்.

"ஓசியில நெட்டு குட்த்துட்டு எங்க வூட்டு பேச்ச ஒட்டுக் கேட்டுகினு கீறியா? எண்ணூர் வரிக்கும் போயி பத்த வெச்சிட்டியே. புருஷன் ஒருத்தன் ஒன்னோட தங்கியிருந்தா இன்னொருத்தி குடும்பத்தோட அருமை ஒனக்கு தெரிஞ்சிருக்கும்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"அந்தப் பொட்டில பேச்செல்லாம் கேக்காது அத்தே. நான் மிஷின ஓட்டினேன். நீங்கதான் செவுத்த தட்னீங்க."

பாதி நிரம்பிய குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். இதற்கும் மிஷினுக்கும் என்ன சம்பந்தம், மழுப்புகிறாள் என்று நான் நினைத்தேன். நின்றிருந்த பெண்கள் தரையைப் பார்த்தார்கள். அவளுக்காக வெட்கப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, அவள் தட்டு ஒன்று எங்களிடம் இருந்ததைக் கழுவி, வெறும் தட்டாக அவள் வாசற்படியில் வைத்துவிட்டு வந்தேன். எங்கள் பக்கம் அதைவிடப் பெரிய திட்டு கிடையாது.

பேத்தி வந்ததும் போனில் அந்த வைஃபையை அறுத்துப் போடு என்றேன். அப்படி யாரும் கேட்க முடியாது ஆயா என்று அவள் எவ்வளவோ சொன்னாள். உனக்கு ஒன்றும் தெரியாது என்று அடக்கிவிட்டேன்.

மூன்று வாரம் மறுபடி தெருமுனை. என் பெண் பாதி நாள் எடுக்க மாட்டாள். எடுத்தால் டிரெய்லர் போகும். "ஒண்ணியும் கேக்கலம்மா, அப்பால பேசறேன்" என்பாள். அந்த அப்பால் வராது.

ஒருநாள் பின்வீட்டுச் சிநேகிதி நெத்திலிக் கருவாடு கொண்டுவந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் உன் பெண்ணை நினைத்துத்தான் உருகுகிறாயா என்று கேட்டாள். அந்த வாரமே எண்ணூர் மார்க்கெட்டில் சம்பந்தி அம்மாவைப் பார்த்ததாகவும், ரெண்டு வார்த்தை ஆறுதல் சொன்னதாகவும், அந்தம்மா என்னவோ முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும் சொன்னாள். கையிலிருந்த கருவாட்டைக் கீழே வைத்தேன். உனக்கு யார் சொன்னது என்றேன்.

"நீதானமே சொன்ன" என்றாள் அவள். "லாரியாண்ட நாங்கல்லாம் நின்னுகினு இருந்தோம். அவ சொல்றத ஒண்ணொண்ணா ஏலம் வுடற கணக்கா நீதான எடுத்து வுட்ட. மூணு மாசமா, கலைஞ்சி போச்சா, ரத்தம் ஏத்துனாங்களான்னு. கேட்டுட்டு பாதி பேரு கொடத்த வெச்சிட்டு அழுதோம். ஊருக்கே தெரியறது சம்பந்திக்கு தெரியாதான்னு நெனச்சிதான் பேசினேன்."

கடைசியில் இதையும் சொன்னாள்: "யாருக்கும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணியே, அதுவும் கேட்டுச்சி."

அவள் போன பிறகு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் மிஷின் விளங்கியது. அவளுக்கும் கேட்டிருக்கிறது. பெட்டி வழியாக இல்லை, மற்ற எல்லோரையும் போல என் சன்னல் வழியாக. என் குரலை மூடத்தான் அவள் மிஷினை ஓட்டினாள். துணி இருந்ததோ இல்லையோ. நான் சுவரைக் குத்தி அதை நிறுத்தினேன்.

உடனே ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். பதினோரு நாள் கேட்கவில்லை. காதுக்கு வயசாகிவிட்டது என்றேன், லாரிச் சத்தம் என்றேன், சிநேகிதியின் வாய் சும்மா இருந்திருக்கலாம் என்றேன். எல்லாம் என் மனசுக்குள். நான்கு பேரை வளர்த்தவள், யார் முன்னாலும் தலையைக் குனியாதவள் என்கிற பேச்சு அந்தப் பதினோரு நாளும் என் தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றது.

என்னை இறங்க வைத்தது வேறொன்று. என் பெண்ணிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். அதைத் தெருமுனையில் லாரிக்கு மேலே கத்திச் சொல்ல முடியாது. கத்திக் கெடுத்ததைக் கத்தியா சரிசெய்வது? மெல்லப் பேச வேண்டுமென்றால் வீட்டுக்குள் பேச வேண்டும். வீட்டுக்குள் பேச வேண்டுமென்றால் அவள் வைஃபை வேண்டும். அவளைக் கேட்காமல் அதை மறுபடி தொட எனக்குக் கை வரவில்லை.

திட்டினது நாலு பேர் முன்னால். அதனால் தண்ணி லாரி வருகிற நேரமாகப் பார்த்து, ஒரு குடத்தோடு வாசற்படி இறங்கினேன். "அன்னிக்கி நான் பேசினது அத்தினியும் தப்பு" என்று ஆரம்பித்தேன். வாழ்நாளில் முதல்முறையாக என் குரல் எழும்பவில்லை. வரிசையின் கடைசியிலிருந்து ஒருத்தி, "இன்னா சொல்ற ஆயா, ஒண்ணியும் கேக்கல" என்றாள். திருப்பிச் சொல்ல வேண்டியதாயிற்று. ஏலக் குரலிலேயே சொன்னேன்.

"வெளிய வுட்டது என் வாயி. இவ மேல ஒரு குத்தமும் இல்ல. இவ குடும்பத்தப் பத்தி பேசினது என் அழுக்கு."

தையற்காரி என் முகத்தைப் பார்க்கவில்லை. "கொடத்த நவுத்துங்க அத்தே, பின்னால ஆளு நிக்கிறாங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் சங்கரா மீன் வறுத்து, தட்டை நானே எடுத்துக்கொண்டு போனேன். அவள் பெண்தான் கதவைத் திறந்தது. தட்டை வாங்கிக்கொண்டு, பாஸ்வேர்டை மாற்றவே இல்லை ஆயா, அதேதான் என்றது. நான் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டது. உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, நிற்கவில்லை. அந்தத் தட்டு இன்னும் திரும்பி வரவில்லை. இன்றோடு இருபத்தொன்பது நாள். என்னைப் பொறுக்காதவள் வீட்டு வைஃபையில்தான் நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

சன்னலைச் சாத்தினேன். பேத்தி ஸ்பீக்கரை எடுத்துவிட்டு, நல்ல காதில் இயர்போனை வைத்துவிட்டாள். என் பெண் எடுத்தாள். நாந்தாம்மா ஊருக்குச் சொன்னது என்று, எனக்கே பழக்கமில்லாத சின்னக் குரலில், எல்லாவற்றையும் சொன்னேன். வைஃபை அறுந்துவிட்டதோ என்று பேத்தியைப் பார்த்தேன்.

"தெரியும்மா" என்றாள். "லாரி சத்தம் எனக்கே கேட்டுச்சி. மெதுவா பேசும்மான்னு ரெண்டு தபா சொன்னேன், ஒனக்கு அதுவும் கேக்கல. அதுக்கெல்லாம் நான் கோச்சிக்கல. நீயா சொல்லுவேன்னு நான் காத்துகினு கீறப்போ, அந்த டெய்லர் அக்காவ தெருவுல நிக்க வெச்சி கேட்டியாமே. அண்ணி சொல்லுச்சி. அதான் பேசப் புடிக்கல."

இயர்போனைக் கழற்றிப் பேத்தியிடம் கொடுத்தேன்.

இப்போது வாரம் இரண்டு முறை கூப்பிடுகிறாள். என்ன குழம்பு, அங்கே மழையா, மூட்டு எப்படி இருக்கிறது, இவ்வளவுதான். அவள் மனசுக்குள் இருப்பது எதுவும் என் காதுக்கு வருவதில்லை. போன வாரம் மறுபடி டாக்டரிடம் போய் வந்திருக்கிறாள். அதை என் மருமகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சுவரெல்லாம் தாண்டி வருகிற சிக்னல் இருக்கிறது, அவள் சொல்லத்தான் பயப்படுகிறாள். பயப்பட வைத்தவள் நான்.

அதனால்தான் இதை எழுத வைத்தேன். முதலில் அவளுக்குப் போகட்டும். இது வெளியே போகலாம் என்று அவள் சொன்னால் போகும், வேண்டாம் என்றால் கிழித்துப் போட்டுவிடு என்று பேத்தியிடம் சொல்லியிருக்கிறேன். இதுவும் அவள் விஷயம்தான், என் அவமானம் மட்டும் இல்லை.

இத்தோட நிறுத்திக்கோம்மா. போய் அந்த சன்னல சாத்து. மிஷின் ஓடிகினு கீதா? ஓடட்டும். இப்ப மொதல்லேந்து எனக்கு படிச்சிக் காட்டு, மெதுவா. எனக்கு கேக்கலன்னா சத்தத்த ஏத்தாத, கிட்ட வந்து உக்காந்து படி.